மானிட்டரில் வராத வயிறு

காரைக்குடிப் பக்கம் நான் வேலை பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் மாலை நேரத்தில் உறவினர்களை ஒவ்வொருவராக உள்ளே விடுவோம். தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், புதுவயல் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள். கட்டிலின் தலைமாட்டில் மின்னிக்கொண்டிருக்கும் மானிட்டரை ஒரு நிமிடம் பார்ப்பார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், வயித்துக்கு ஏதாச்சும் போகுதா? வெளிக்குப் போனாகளா?" என்று கேட்பார்கள். இதயம், ஆக்சிஜன் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் "போகுது, கவலைப்படாதீக" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவேன். இப்போது நின்று பதில் சொல்கிறேன். அவர்கள் கேட்பது சரியான கேள்வி. காலை ரவுண்டில் மருத்துவர்களும் நாங்களும் எங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. மானிட்டரில் இதயத்துக்கு ஒரு கோடு ஓடுகிறது, மூச்சுக்கு ஒரு கோடு ஓடுகிறது, இரத்த அழுத்தம் எண்ணாக வருகிறது. வயிற்றுக்கு மட்டும் எதுவும் வருவதில்லை. அலாரம் அடிக்காத உறுப்பு அது. யாராவது கை வைத்துப் பார்த்து எழுதினால்தான் உண்டு.

உறுப்புகள் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்பதை எண்ணாகச் சொல்ல உலகம் முழுக்கப் பயன்படுத்தும் சோஃபா ஸ்கோர் 1996-இல் வெளிவந்தது. நுரையீரல், இரத்த ஓட்டம், கல்லீரல், சிறுநீரகம், மூளை, இரத்தம் உறைதல் என்று ஆறு அதில் இருக்கின்றன. கல்லீரல் உண்டு, குடல் கிடையாது. மறந்து விட்டுவிடவில்லை. சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் இருக்கிறது, கல்லீரலுக்குப் பிலிரூபின் இருக்கிறது. குடல் எந்த அளவு வேலை செய்கிறது என்று சொல்ல அப்படி நம்பத்தக்க ஒரு இரத்தப் பரிசோதனை இல்லை. உணவை அரைக்கிறது, உறிஞ்சுகிறது, நகர்த்துகிறது, கிருமிகளை உள்ளே விடாமல் தடுக்கிறது. இத்தனை வேலையையும் ஒரே எண்ணில் அடைப்பது எளிதல்ல.

2012-இல் ஐரோப்பிய தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் ஒரு பணிக்குழு இதற்கு நான்கு படிநிலைகளை வகுத்தது. வயிற்று அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாள் குமட்டல் வருவது, குடல் மந்தமாக இருப்பது முதல் படி. தானாகவே சரியாகும் என்று எதிர்பார்க்கலாம். தானாகச் சரியாகாமல் சிகிச்சை தேவைப்பட்டால் இரண்டாவது படி. சிகிச்சை கொடுத்தும் மீளவில்லை என்றால் மூன்றாவது. உடனே உயிருக்கு ஆபத்து என்ற நிலை நான்காவது. பிறகு 2021-இல் 0 முதல் 4 வரை மதிப்பெண் கொடுக்கும் இன்னொரு முறை வந்தது. வாந்தி, வயிறு வீக்கம், மூக்கு வழியாக இரைப்பைக்குப் போட்ட குழாயில் திரும்பி வரும் அளவு, வயிற்றுப்போக்கு, இரத்தக் கசிவு, வயிற்றின் உள் அழுத்தம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். எந்த ஒரு அறிகுறியையும் தனியாக நம்ப முடியாது. நாலைந்தைச் சேர்த்து, ஒவ்வொரு நாளும், முந்தைய நாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் மதிப்பெண்ணை விட இந்த அன்றாட ஒப்பீடுதான் பெரிய உதவி.

சரி, நுரையீரலில் கிருமி தொற்றியவருக்குக் குடல் ஏன் படுத்துக்கொள்ள வேண்டும்?

ஓய்வில் இருக்கும்போது இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கோ அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவோ செரிமான உறுப்புகளுக்குப் போகிறது. பெரிய தொற்றோ அதிர்ச்சியோ வந்ததும் உடல் மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கிறது. தோலும் குடலும்தான் தங்கள் பங்கை முதலில் விட்டுக்கொடுக்கின்றன. இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க நாங்கள் கொடுக்கும் நார்அட்ரினலின் குடலின் இரத்தக் குழாய்களை மேலும் சுருக்கலாம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கும் ஃபென்டனைல் குடலின் அசைவைக் குறைக்கிறது. பொட்டாசியம் குறைந்தால் குடல் தசை துவண்டுவிடும். சர்க்கரை ஏறினால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். பல வருடச் சர்க்கரை நோயாளிக்கு அது முன்பே மந்தமாகத்தான் இருக்கும். எங்கள் கட்டில்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. ஆக, நோயும் படுத்துகிறது, நோய்க்குக் கொடுக்கும் மருந்தும் படுத்துகிறது.

வீட்டாரிடம் கேட்பதுதான் முதல் பரிசோதனை

ஒரு அப்பத்தாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுபது தாண்டியவர், சர்க்கரை நோயாளி, நிமோனியாவோடு வந்து வென்டிலேட்டரில் இருந்தார். நான்காம் நாள் வயிறு உப்பியிருந்தது. வந்ததிலிருந்து மலம் போகவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த பேரனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "அப்பத்தா எப்பவுமே ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்காத்தான் போவாக. ராத்திரி கடுக்காய்ப் பொடி போட்டாத்தான் போகும்" என்றார். அந்த ஒரு வரி எங்கள் ஃபைலில் எங்குமே இல்லை. முப்பது வருடமாகக் கடுக்காய்ப் பொடி சாப்பிட்ட குடலுக்கு நான்கு நாளாக அது கிடைக்கவில்லை; கூடவே ஃபென்டனைல் வேறு. ஸ்கேனுக்கு முன்னால் கிடைக்க வேண்டிய தகவல் இது.

அதனால் புதிதாக ஒருவர் சேரும்போது வீட்டாரிடம் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். வழக்கமாக எத்தனை நாளைக்கு ஒரு முறை போவார்? கடைசியாக எப்போது போனார்? கடைசியாக என்ன சாப்பிட்டார், அது உள்ளே தங்கியதா? முன்பு வயிற்றில் ஆபரேஷன் நடந்திருக்கிறதா? குடித்துப் பழக்கம் உண்டா? வலி மாத்திரையைக் கடையில் வாங்கித் தினம் போடுகிறவரா? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். இரைப்பையில் இரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகும். கசிவினால் வருவது தார் போலப் பிசுபிசுத்து, மறக்க முடியாத ஒரு நாற்றத்தோடு இருக்கும். இருந்தாலும் மாத்திரை விஷயம் முன்பே தெரிந்திருந்தால் ஒரு பதற்றம் குறையும். குடிப்பழக்கத்தை மறைக்கிற குடும்பங்கள் உண்டு. மானம் போகும் என்று பயப்படுகிறார்கள். குடி கணையத்தைப் பாதிக்கும்; எங்களுக்கு அது கணையத்தைப் பற்றிய தகவல், அவ்வளவுதான்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில், தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுகிறார். வாந்தி எடுக்கிறார். கடித்த தடம் எதுவும் தெரியவில்லை. சாப்பாடு சேரவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கண் இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது, மூச்சு திணறுகிறது. கட்டுவிரியன் கடிக்கு இது அறிந்த முகம். அதன் பல் சிறியது. வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. வயிற்று வலிதான் சிலருக்கு முதல் அறிகுறி. வயிறு என்று வந்தவரிடம் "ராத்திரி எங்கே படுத்திருந்தீக?" என்று கேட்பதும் வயிற்றைப் பரிசோதிப்பதில் சேர்ந்ததுதான்.

ஸ்டெதஸ்கோப்பை எந்த அளவு நம்புவது

வயிற்றின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1905-லேயே குடல் ஓசைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். "சத்தம் இல்லை, உணவு கொடுக்காதே" என்ற விதியோடுதான் நானும் பயிற்சி முடித்து வந்தேன். இன்று அந்த விதி நிற்கவில்லை. ஒரே வயிற்றை இரண்டு பேர் கேட்டு இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். குடலில் காற்றும் நீரும் சேர்ந்து நகரும்போதுதான் சத்தம் வரும். குழாய் வழியாக எதுவும் கொடுக்காமல் வைத்திருக்கும் வயிற்றில் நகர என்ன இருக்கிறது? சத்தம் வராததைக் காரணம் காட்டி உணவை நிறுத்த வேண்டியதில்லை என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல்களின் போக்கு.

ஆனால் ஓர் இடத்தில் அதே ஸ்டெதஸ்கோப் உயிர் காக்கும் கருவி. விவசாய ஊர்களில் பூச்சிமருந்து விஷத்தோடு வருகிறவர்கள் உண்டு. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து உடலில் சேர்ந்தால் குடல் வெறி பிடித்த மாதிரி இயங்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, வாயெல்லாம் எச்சில். அதற்கு எதிராக அட்ரோபின் கொடுக்கிறோம். குறைவாகக் கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கூடிப்போனால் காய்ச்சல், பிதற்றல், சிறுநீர் அடைப்பு. நுரையீரல் தெளிந்திருக்கிறதா, நாடித் துடிப்பு எவ்வளவு, அக்குள் காய்ந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் அளவைச் சரிசெய்கிறோம். கூடவே வயிற்றையும் கேட்கிறோம். குடல் முற்றிலும் அடங்கி, உடம்பு கொதித்து, ஆள் பிதற்றினால் அட்ரோபின் கூடிவிட்டது என்று பொருள். இங்கே மணிக்கு மணி குடல் சத்தம் கேட்பது வீண் சடங்கல்ல.

மற்றபடி, கண்ணும் கையும் பழைய மரியாதைக்கு உரியவை. போர்வையை முழுவதும் விலக்கிப் பார்க்க வேண்டும். வயிறு பளபளவென்று இழுபட்டிருக்கிறதா? தட்டினால் தவில் மாதிரி ஒலிக்கிறதா, மந்தமாக ஒலிக்கிறதா? தொட்டால் மயக்கத்திலும் முகம் சுளிக்கிறதா? பழைய ஆபரேஷன் தழும்பு, தொப்புள் பக்கம் குடலிறக்கம் ஏதாவது இருக்கிறதா? சேலையும் போர்வையும் விலகாமலே எழுதப்பட்ட "வயிறு மென்மையாக உள்ளது" என்ற வரியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது என்னை வருத்தப்படுத்துகிறது.

ரைல்ஸ் டியூபில் திரும்பி வருவது

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் அந்த மெல்லிய குழாயைத் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் எல்லோரும் ரைல்ஸ் டியூப் என்றுதான் சொல்வோம். ரைல் என்ற பிரிட்டன் மருத்துவரின் பெயர். அதைப் போட்டதும், உள்ளே சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பதுதான் நம்பகமானது. காற்றை ஊதிச் சத்தம் கேட்டு முடிவு செய்வது ஏமாற்றும்; நுரையீரலுக்குள் போன குழாயிலும் சத்தம் கேட்கும்.

நாலு மணிக்கு ஒரு தரம் சிரிஞ்சை வைத்து உறிஞ்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்போம். ஆஸ்பிரேட் என்று சொல்வோம். முன்பு 150, 200 மி.லி. வந்தாலே உணவை நிறுத்திவிடுவார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மனிதனுக்கு ஒரு நாளில் எச்சில் மட்டும் ஒரு லிட்டருக்குக் குறையாமல் சுரக்கிறது. இரைப்பை நீர் ஏறக்குறைய இரண்டு லிட்டர். எதுவுமே கொடுக்காவிட்டாலும் நாலு மணி நேரத்தில் சில நூறு மி.லி. இரைப்பை வழியாகப் போக வேண்டும். அப்படியிருக்க, 200 மி.லி. திரும்பி வந்தது என்பதற்காக ஒருவரைப் பட்டினி போடுவது என்ன நியாயம்?

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயினில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, எல்லையை 200-லிருந்து 500 மி.லி.க்கு உயர்த்தினாலும் நிமோனியா கூடவில்லை என்று காட்டியது. 2013-இல் பிரான்சின் 9 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், வென்டிலேட்டரில் இருந்த 449 பேரை வைத்து இன்னும் துணிச்சலான ஆய்வு வந்தது. ஒரு பாதிப் பேருக்கு ஆஸ்பிரேட் பார்க்கவே இல்லை. வாந்தி எடுத்தால் மட்டும் கவனித்தார்கள். வாந்தி கூடியது, நிமோனியா கூடவில்லை. 2016-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் ஆஸ்பிரேட்டை வழக்கமாக அளக்கவே வேண்டாம் என்கிறது. 2019-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல், 6 மணி நேரத்தில் 500 மி.லி.க்கு மேல் வந்தால் உணவைத் தள்ளிப்போடச் சொல்கிறது.

முழுக்க நிறுத்திவிடலாமா என்றால் எனக்குச் சம்மதம் இல்லை. அந்தப் பிரெஞ்சு ஆய்வில் பெரும்பாலும் அறுவை சிகிச்சை சாராத நோயாளிகள். வயிற்று ஆபரேஷன் முடிந்தவருக்கு, கணைய அழற்சி உள்ளவருக்கு, உணவு தொடங்கிய முதல் இரண்டு நாளில், ஆஸ்பிரேட் எனக்கு ஏதோ சொல்கிறது. அளவை விட நிறம் அதிகம் சொல்கிறது. கரும்பச்சையாக வந்தால் பித்தம் மேலே ஏறுகிறது, கீழே அடைப்பு இருக்கலாம். காபித்தூளைக் கரைத்தது போல வந்தால் பழைய இரத்தம். மலவாடை அடித்தால் உடனே அறுவை சிகிச்சை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இப்போதெல்லாம் சிறு அல்ட்ராசவுண்ட் கருவியால் இரைப்பையின் கீழ்ப்பகுதியை அளந்து, நிறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுகிறார்கள். பழகியவர் கையில் அது அருமையான கருவி.

இரைப்பை காலியாகவில்லை என்று உறுதியானால் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, உணவின் வேகத்தைக் குறைத்து, இரைப்பையை அசையவைக்கும் எரித்ரோமைசின் அல்லது மெட்டோகுளோப்ரமைடு கொடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று நாளில் இவற்றின் பலன் குறைந்துவிடும். அப்புறம் குழாயையே சிறுகுடல் வரை தள்ளிப் போடுவது பற்றி யோசிப்பார்கள்.

கீழே நடப்பது

மூன்று நாள் மலம் போகாவிட்டால், அதற்கு வேறு அடைப்பு காரணமில்லை என்றால், கீழ்க்குடல் செயலிழந்திருக்கிறது என்று ஐரோப்பிய வரையறை சொல்கிறது. நாள் கணக்கை யாராவது எழுதியிருந்தால்தான் இது தெரியும். மூன்று ஷிப்ட், மூன்று செவிலியர். ஒவ்வொருவரும் முந்தைய ஷிப்டில் போயிருக்கும் என்று நினைத்தால் ஒரு வாரம் ஓடிவிடும். அப்பத்தாவுக்கு நடக்கவிருந்ததும் அதுதான்.

அவருக்கு ஆசனவாயில் விரல் வைத்துப் பரிசோதித்தபோது மலம் கல்லாக இறுகியிருந்தது. இந்தப் பரிசோதனையைச் செய்ய எல்லோருக்கும் கூச்சம். நோயாளியிடம் சொல்லிவிட்டு, திரையை இழுத்து மூடி, மரியாதையோடு செய்தால் ஒரு நிமிட வேலை. மயக்கத்தில் இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். அன்று இரத்தத்தில் பொட்டாசியம் 2.9 இருந்தது. 3.5-க்கு மேல் இருக்க வேண்டியது. எக்ஸ்ரேயில் பெருங்குடல் காற்றால் விரிந்திருந்தது, ஆபத்தான அளவுக்கு இல்லை. பெருங்குடலின் தொடக்கப் பகுதி 9 செ.மீ.க்கு மேல் விரிந்தால் கவலைப்பட வேண்டும். 12 செ.மீ. நெருங்கினால் கிழிந்துவிடும் அபாயம்.

இதற்கு எதிர்த்திசையில் வருவது வயிற்றுப்போக்கு. ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ இளகிப் போனால் முதல் பழி டியூப் உணவின் மேல் விழுகிறது, உடனே நிறுத்துகிறார்கள். பல நேரம் குற்றவாளி மருந்து டிரேயில் இருப்பான். குழாய்க்கு வசதி என்று மாத்திரைக்குப் பதில் கொடுக்கும் சிரப்புகளில் இனிப்புக்காகச் சார்பிட்டால் இருக்கும், அது பேதியாகும். பொட்டாசியம் சிரப்பும் அப்படியே. ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளையும் அழித்து, குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருக இடம் கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இன்னொரு வேடிக்கையான ஆபத்து: மேலே மலம் கல்லாக அடைத்திருக்க, அதைச் சுற்றி நீர் மட்டும் கசிந்து வரும். பார்ப்பவருக்கு அது பேதி. பேதியை நிறுத்த மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

உணவும் காரணமாக இருக்கலாம், ஆனால் வேறு விதத்தில். சிறு ஊர்களில் இன்னும் கஞ்சி, பால், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மருத்துவமனைச் சமையலறையிலேயே டியூப் உணவு தயாராகிறது. சித்திரை வெயிலில் அப்படி அரைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. பவுடரைக் கரைத்ததென்றால் நான்கு மணி நேரம். மிச்சத்தை மூடி வைத்து அடுத்த வேளைக்குக் கொடுத்தால் கிருமியை நாமே ஊட்டுகிறோம்.

வயிற்றுக்குள் அழுத்தம்

வயிற்றுக்கு ஒரு எண் இருக்கிறதென்றால் அது இதுதான். வயிறு மூடிய பை. உள்ளே நீரோ காற்றோ வீக்கமோ கூடினால் அழுத்தம் ஏறும். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும், உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சு சிரமப்படும். சிறுநீர் குறைவது சிறுநீரக நோயால் என்று நினைத்துக்கொண்டிருப்போம். காரணம் வயிற்றில் இருக்கும்.

அளப்பது எளிது. சிறுநீர்ப்பைக்குள் ஏற்கெனவே இருக்கும் குழாய் வழியாக 25 மி.லி. உப்பு நீர் விட்டு, நோயாளியை மட்டமாகப் படுக்க வைத்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்து, மூச்சு வெளியேறி முடியும் நொடியில் படிக்க வேண்டும். விலை உயர்ந்த கருவி இல்லாத இடத்தில் நீர்க் குழாயை உயர்த்திப் பிடித்து, ஸ்கேலால் அளக்கலாம். தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கு 5 முதல் 7 மி.மீ. பாதரச அழுத்தம் சாதாரணம். 12 தொட்டுவிட்டால் உயர்வு. 20-க்கு மேல் நின்று, புதிதாக ஓர் உறுப்பும் தளரத் தொடங்கினால் அது அவசர நிலை. நீரில் அளந்தால் 12 என்பது சுமார் 16 செ.மீ., 20 என்பது சுமார் 27 செ.மீ. இரண்டு அளவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். வயிற்றைக் கையால் அமுக்கி மட்டும் சொன்னால் உயர்ந்த அழுத்தத்தில் ஏறக்குறைய பாதியைத் தவறவிடுவோம். டேப்பால் சுற்றளவு அளப்பதும் இதற்கு ஈடாகாது.

யாருக்கு அளக்க வேண்டும்? கணைய அழற்சி, வயிற்றுக் காயம், லிட்டர் கணக்கில் ஊசி நீர் ஏறியவர்கள். அடைமழை முடிந்து டெங்கு வரும் காலத்தில், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும் பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் நினைவில் வைக்க வேண்டும்.

சொல்லாமல் வரும் ஆபத்து

குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து குடல் அழுகுவதுதான் எல்லாவற்றிலும் பயமுறுத்துவது. விழித்திருப்பவர் வலியில் துடிப்பார். மயக்கத்தில் இருப்பவர் எப்படிச் சொல்வார்? வயிறு திடீரென்று உப்புவது, நேற்று வரை ஏற்றுக்கொண்ட உணவு இன்று திரும்பி வருவது, காரணம் தெரியாமல் இரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது சேரும் பொருள்) ஏறுவது, நார்அட்ரினலின் அளவு கூடிக்கொண்டே போவது. இவை ஒன்றுசேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். தொடக்கத்தில் லாக்டேட் சரியாகவும் இருக்கலாம், எக்ஸ்ரே எதுவும் காட்டாமலும் இருக்கலாம். இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன்தான் விடை சொல்லும். இங்கிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்ப வேண்டிவந்தால் சாலையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போய்விடும். அதனால் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் இரவு ஷிப்டில் இருப்பவருக்கு வேண்டும்.

அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு உணவை அவசரப்பட்டு முழு அளவில் கொடுப்பதும் ஆபத்து. 2018-இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் 2,410 பேர் இருந்தார்கள். எல்லோரும் வென்டிலேட்டரில், இரத்த அழுத்த மருந்தில் இருந்தவர்கள். ஆரம்பத்திலேயே குழாய் வழியாக முழு உணவு பெற்றவர்களில் 19 பேருக்குக் குடல் இரத்தமின்றிப் பாதிக்கப்பட்டது. இரத்த நாளம் வழியாக உணவு பெற்றவர்களில் 5 பேருக்கு. எண்ணிக்கை சிறியது, ஆனால் கவனிக்க வேண்டியது. இரத்த அழுத்தம் நிலைப்பட்டதும், சேர்ந்த 48 மணி நேரத்துக்குள், கொஞ்சமாகத் தொடங்குவது என்பதுதான் நாங்கள் பின்பற்றும் வழி. பட்டினியும் குடலின் உட்சுவரை மெலியச் செய்யும் என்பதை மறக்கக் கூடாது.

இரைப்பையில் இரத்தக் கசிவு முன்னை விடக் குறைந்திருக்கிறது. யாருக்கு அபாயம் என்பதை 1994-இல் கனடாவில் நடந்த ஆய்வு தெளிவாக்கியது: 48 மணி நேரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருப்பவர், இரத்தம் உறையாத குறை உள்ளவர். 2024-இல் வெளியான பெரிய ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் கொடுத்தபோது பெரிய கசிவு 3.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தது. உயிரிழப்பு விகிதத்தில் தெளிவான மாற்றம் தெரியவில்லை.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ வேண்டிக்கொண்டு வந்து, திருநீறு பூசுங்கள், நாங்களே இடம் கொடுப்போம். வாயில் தீர்த்தமோ இளநீரோ ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். விழுங்கும் திறன் போயிருக்கும்போது அந்த ஒரு ஸ்பூன் நேராக நுரையீரலுக்குப் போகும். தூக்குவாளியில் கவுனி அரிசிக் கஞ்சி கொண்டுவந்து நிற்கும் ஆச்சிமார்களைத் திருப்பி அனுப்புவது எனக்கு எப்போதும் கஷ்டமாக இருக்கிறது. சாப்பிட்டாகளா என்று கேட்டுத்தான் அன்பைச் சொல்லிப் பழகிய ஊர். அதற்குப் பதிலாக உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டியது, நான் மேலே சொன்ன கேள்விகளுக்கு மறைக்காத பதில். அதோடு "இன்னைக்கு வெளிக்குப் போனாகளா?" என்று தினமும் கேட்பது. அந்தக் கேள்வி வந்தால் நாங்கள் சார்ட்டைப் புரட்டியாக வேண்டும்.

அப்பத்தாவுக்குப் பொட்டாசியம் ஏற்றினார்கள், ஃபென்டனைலைக் குறைத்தார்கள், எனிமா கொடுத்தோம், குழாய் வழியாக மலமிளக்கியும் தொடங்கியது. ஆறாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மலம் போனது. துடைத்து, சேலை மாற்றி, திருப்பிப் படுக்க வைத்து, நேரத்தையும் அளவையும் நிறத்தையும் எழுதினேன். வயிறு தளர்ந்திருந்தது. அன்று மதியம் டியூப் உணவு மணிக்கு 20 மி.லி.யிலிருந்து 40-க்கு ஏறியது. மாலையில் பேரன் வந்து, மானிட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் கேட்பதற்குள் சொல்லிவிட்டேன். அங்கேயே கதவோரம் நின்று பள்ளத்தூருக்குப் போன் போட்டார்.